முந்திரி: பூஜ்யம்

அத்தியாயம் 17

ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் எதையும் யோசிக்காமல் வாயில் போட்டதில்லை.

கீழ் வீட்டில் பெரியவள், அவள் கணவன், ஏழு வயது மகள். மேல் வீட்டில் தையல் மிஷினோடு சின்னவள். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளில் ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குக் கொசு என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. உருவம் அவ்வளவுதான். காதருகே ஓயாத ரீங்காரம்.

போன மாதம் ஒரு மாலை அந்த ரீங்காரம் பாதிப் படியில் நின்றுபோனது.

உதடு வீங்கி, குரல் அடைத்து, முகம் ஈர மண்ணின் நிறத்துக்குப் போயிருந்தது. மருத்துவமனை வாசலில் வைத்துப் பெரியவள் தங்கையிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"என்னடி குடுத்த?"

முந்திரி பிஸ்கட். குழந்தை தின்றது பாதி. ஆனால் அதே அறையில் துணித் தூசி இருந்தது. துணி மூட்டைமேல் பக்கத்து வீட்டுப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெரு மரங்களின் மஞ்சள் பொடி வந்து தரையில் படிந்திருந்தது. எதனால் என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை. பெரியவளுக்கு மட்டும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து குழந்தை படியேறவில்லை. பள்ளி விட்டதும் அப்பாவின் பேக்கரிக்குப் போய்ப் பின்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது. மேல் வீட்டிலிருந்து மிஷின் சத்தம் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ரத்தத்துல பார்த்துடலாம்" என்றிருந்தார் மருத்துவர். "நம்ம பக்கத்துக் காத்துல என்னென்ன இருக்கோ, மரம், புல்லு, பூஞ்சை, பூனை, தூசிப் பூச்சி, அது ஒரு பட்டியல். தட்டுல என்னென்ன வருதோ, அது இன்னொண்ணு. ரெண்டும் சேர்த்து நாப்பது. எதுன்னு தெரிஞ்சுடும். அதுவரைக்கும், மூச்சு அடைச்சா உடனே தொடையில குத்த இந்த ஊசிப் பேனாவைப் பையிலேயே வச்சிருங்க."

ரத்தம் எடுப்பதும் பார்ப்பதும்தான் பெரியவளின் வேலை. பத்து வருடமாக அதே ஆய்வகத்தில் இருக்கிறாள். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஓர் எண் வரும் என்று அவளுக்குத் தெரியும். பூஜ்யம் என்றால் உடம்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆறு என்றால் ஜென்ம விரோதி.

இன்று காலை பத்து மணிக்குக் கண்ணாடி சார் அவளைக் கூப்பிட்டார். ஒவ்வாமைப் பிரிவின் மேற்பார்வையாளர். கண்ணாடி எப்போதும் கயிற்றில் மார்பின்மேல் தொங்கும். மூக்கில் ஏறி யாரும் பார்த்ததில்லை.

"உன் பொண்ணோடது வந்துடுச்சு. முதல்ல உட்காரு."

அவள் உட்காரவில்லை. மரங்களையும் புற்களையும் தாண்டிக் கண்கள் நேராக உணவுக்குப் போயின. பால் பூஜ்யம். முட்டை பூஜ்யம். வேர்க்கடலை பூஜ்யம்.

முந்திரி: பூஜ்யம்.

மறுபடி படித்தாள். விரலை வைத்துப் படித்தாள்.

"கோதுமை மாவு நாலு. மாவுல இருக்கிற பூச்சி, அது நாலு. வேற எதுவும் இல்ல" என்றார் கண்ணாடி சார். "பேக்கரிக்காரர் பொண்ணுல்ல? வெந்த மாவு இல்ல, மூச்சுல போற பச்சை மாவுதான். அப்பா சட்டையே போதும்மா. ஆனா ஒண்ணு, டாக்டர் பார்க்கட்டும். இந்தக் காகிதம் ஒரு சாட்சிதான். தீர்ப்பு இல்ல."

"சரி சார்."

சரி என்றுதான் சொன்னாள். நடைபாதைக்கு வந்து, குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உடனே தங்கையை அழைத்தாள். மருத்துவரைப் பார்க்க நாளை மாலைவரை காத்திருக்க வேண்டும். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததை இன்னொரு நாள் சுமக்க அவளால் முடியவில்லை.

"அக்கா?" சின்னவளின் குரலில் பயம். ஒரு மாதத்தில் முதல் அழைப்பு. "கொசுவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட் வந்துடுச்சு. முந்திரி பூஜ்யம்."

மறுமுனையில் மிஷின் நின்றது.

"உன்மேல தப்பே இல்லடி. பேக்கரி மாவுதானாம். நான் என்னென்னவோ பேசிட்டேன்."

சின்னவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசின" என்றாள் கடைசியில். "விஷம் வச்சவள்னு சொன்ன."

"சொன்னேன்."

"துணிக்கு ஊசி போடறவளுக்குப் புள்ளையப் பத்தி என்ன தெரியும்னு கேட்ட."

"கேட்டேன்டி. எல்லாத்தையும் மனப்பாடமா வச்சிருக்கியா?"

"வேற என்ன வேலை எனக்கு? தனியா உட்கார்ந்து காஜா எடுக்கறப்ப இதைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இன்னிக்கு ஸ்கூல் விட்டதும் நீயே போய்க் கூட்டிட்டு வா. அவர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"நிஜமாவா? அப்போ..." சின்னவள் தயங்கினாள். "ஏதாவது குடுக்கலாமா? அன்னிக்கு அந்த பிஸ்கட்ட எவ்வளவு ஆசையா எடுத்தா தெரியுமா?"

"கிலோ கணக்கா குடு. பூஜ்யம்டி. எழுத்துல இருக்கு."

*

கணவனுடைய அறிக்கை பகல் மூன்று மணிக்குமேல்தான் வந்தது. இயந்திரத்தில் மருந்து தீர்ந்து, மாற்றி, மறுபடி ஓடவிடத் தாமதம்.

அவனுக்கும் சோதனை செய்ததற்குக் காரணம் கொசுதான். ஆய்வகத்துக்கு வந்தால் கூரை பறக்கக் கத்துவாள் என்று, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பெரியவள் ரத்தம் எடுக்க உட்கார்ந்தாள். குழந்தை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"கொசுவையே கடிக்கிறியேம்மா! அப்பாவுக்கும் குத்து. அப்பதான் எனக்கு."

கணவன் ஒரு வருடமாக இருமிக்கொண்டிருந்தான். கேட்டால், அடுப்புச் சூடு என்பான். அவனையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது.

"வா வா" என்றார் கண்ணாடி சார். சிரித்துக்கொண்டிருந்தார். "உன் வீட்டுக்காரர் இரும்பு மனுஷன். நாள் பூரா மாவுல நிக்கிறார், மாவு பூஜ்யம். ஆனா முந்திரி அஞ்சு, பிஸ்தா அஞ்சு. பார்த்து இருக்கச் சொல்லு."

அவளும் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் பல்லோடு ஒட்டிக்கொண்டது.

அவள் கணவன் தினமும் காலையில் ஒரு தட்டு முந்திரி வறுப்பான். ஒரு பிடி வாய்க்கு, ஒரு பிடி சட்டைப் பைக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அவனுக்கு மூச்சு வாங்குவது முந்திரியால் அல்ல. மாவு சலிக்கும்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மேசை கண்முன் வந்தது. மஞ்சள் மூடி போட்ட இரண்டு ட்யூப்கள். நிறுத்திவைக்க வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் ஒரு சில்வர் தம்ளருக்குள் வைத்தாள். இடது பக்கம் குழந்தையுடையது. வலது பக்கம் அவனுடையது.

லேபிள் ஒட்டவில்லை.

வேலைக்கு வரும் ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் முதல் நாள் அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அந்தக் கையை விட்டு நகர்வதற்கு முன் லேபிள். ஆனால் தன் வீடு. இரண்டே பேர், இரண்டே ட்யூப். குழந்தை வெளிறிப்போய்த் தோளில் சாய்ந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். தட்டிக்கொடுத்தாள். திரும்பி வந்தபோது கணவன் மேசையைத் துடைத்து முடித்திருந்தான். துடைக்காமல் ஒரு மேசையை விட்டுவைக்க அவனால் முடியாது. பேக்கரிக் கை. தம்ளரைத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப வைத்திருக்கிறான்.

அவள் இடது பக்கத்தில் இருந்ததற்குக் குழந்தையின் பெயரை ஒட்டினாள்.

தம்ளர் வட்டம். வட்டத்துக்கு ஏது இடமும் வலமும்.

"சார்." அறிக்கையை அவர் முன்னால் தள்ளினாள். "சார், ரெண்டும் மாறியிருக்கு."

"எது மாறியிருக்கு?"

"ட்யூப். அவ ஓ குரூப். அவர் பி. அடியில ரத்தம் இருக்கும், குரூப் பார்த்துச் சொல்லுங்க. நான் போறேன். நான் போகணும்."

கடிகாரம் மூன்று பதின்மூன்று. பள்ளி விட்டு இருபத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது.

தங்கையின் கைபேசி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, ஓய்ந்தது. மிஷின் ஓடினால் அவளுக்கு எதுவும் கேட்காது. கைபேசி ஏதாவது துணிக்கு அடியில் கிடக்கும்.

கிலோ கணக்கா குடு. தன் குரலே திரும்பி வந்து காதில் அறைந்தது.

*

"ஓடுங்க" என்றாள் கைபேசியில் கணவனிடம். தெருவில் டாக்சிக்குக் கையை நீட்டிக்கொண்டே கத்தினாள். "மேல் வீட்டுக்கு ஓடுங்க! முந்திரிதான். அவளுக்குத்தான் முந்திரி. எதையும் திங்க விடாதீங்க!"

அவன் ஏன் என்று கேட்கவில்லை. சல்லடையைக் கீழே போட்டான். அழைப்பைத் துண்டிக்காமல், மாவு படிந்த கையோடு ஓடினான்.

பேக்கரிக்கும் வீட்டுக்கும் நான்கு தெரு. முதல் தெருவில் கால்கள் நன்றாக இருந்தன. இரண்டாவது தெருவில் நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்கள். மூன்றாவதில், தன் மூச்சு விசில் அடிப்பதை அவனே கேட்டான். எதிரே வந்தவர்கள் விலகினார்கள். ஒருவர், "என்னப்பா, யாரு துரத்தறா?" என்றார். பதில் சொல்லக் காற்று இல்லை.

பதினெட்டுப் படிகளில் கடைசி ஆறைக் கையை ஊன்றி ஏறினான்.

கதவு திறந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சின்னப் பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். துணி மூட்டைமேல் கொசு. மடியில் தட்டு. தட்டில் ஒரு பிஸ்கட். பிஸ்கட்டின் ஓரத்தில் பிறை போல ஒரே ஒரு கடி.

சின்னவள் நிழலைப் பார்த்துத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாமா. உங்க பொண்ணு கால் மணி நேரம் பேரம் பேசிட்டு, இப்பதான் ஒரு கடி..."

அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அப்பா" என்றது குழந்தை. குரல் தடித்திருந்தது. "தொண்டையில முடி மாதிரி ஏதோ இருக்குப்பா."

கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க ஏறின.

அவன் பள்ளிப் பையைக் கவிழ்த்தான். புத்தகங்கள், பென்சில் டப்பா, நடுவில் ஊசிப் பேனா. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். மனைவியின் குரல் டாக்சி இரைச்சலோடு அதிலிருந்து வந்தது.

"மூடியை எடுங்க. பெருவிரல முனையில வைக்காதீங்க. தொடையோட வெளிப்பக்கம். துணி மேலயே குத்துங்க. யோசிக்காதீங்க!"

பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் கைகளில் அவள் ஊசி போட்டிருப்பாள். இந்த ஒரு ஊசியை அவன் போட வேண்டியிருந்தது. மாவு வழுக்கியது. சட்டையில் கையைத் துடைத்தான், அதுவும் மாவு. சின்னவள் குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்தாள். குழந்தை கத்தவில்லை. கத்தாததுதான் அவனை நடுக்கியது.

குத்தினான்.

"பிடிச்சுக்கிட்டே பத்து எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, எனக்குக் கேட்கணும்!"

அவன் வாயைத் திறந்தான். விசில்தான் வந்தது.

"எண்ணுங்க!"

"ஒண்ணு" என்றாள் சின்னவள். பல் கிட்டித்திருந்தது. "ரெண்டு. மூணு."

டாக்சியில் பெரியவள் முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு கேட்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். ஏழில் இன்னொரு அழைப்பு குறுக்கிட்டது. கண்ணாடி சார். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை.

"எட்டு. ஒம்போது."

பத்து என்பதற்கு முன் ஒரு இடைவெளி வந்தது. அவ்வளவு நீளமான இடைவெளியை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"பத்து."

அதற்குப் பிறகு, ரொம்ப தூரத்தில், குழந்தையின் அழுகை.

*

மாலை ஐந்தரை. மருத்துவமனையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் கொசு தூங்கியது. திட்டுகள் மங்கியிருந்தன. மற்றொன்றில் கணவன் முகமூடி வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஊசி நேரத்துக்குப் போட்டதால பிழைச்சா" என்றார் மருத்துவர். "ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு இதே மாதிரி திரும்ப வரலாம். ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

திரும்ப வரலாம். பெரியவள் குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. இறங்கியது. ஏறியது.

கைபேசி அதிர்ந்ததும் வெளியே நடைபாதைக்கு வந்தாள். சின்னவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னது சரிம்மா, மாறித்தான் இருக்கு" என்றார் கண்ணாடி சார். "குழந்தை எப்படி இருக்கா? தூங்கறாளா? அப்பாடா. அன்னிக்கு சாம்பிள் வாங்கி வச்சது அந்தப் புதுப் பொண்ணுதான். வந்து ரெண்டு மாசம் ஆகல. நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கறேன். அழுதுகிட்டு நிக்குது இப்பவே."

பெரியவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. வீட்டிலிருந்தே மாறித்தான் வந்தது.

"நாளைக்கு வந்து பேசறேன் சார்."

வைத்துவிட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பச்சை வண்ணம் உரிந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்னுதான்க்கா சொன்னா" என்றாள் சின்னவள். கண் சுவரிலேயே இருந்தது. "அம்மா நிஜமா சொன்னாங்களான்னு மூணு தடவ கேட்டா. நான்தான், சித்தி மேல கோபமா கொசுன்னு கேட்டேன். உடனே எடுத்துக் கடிச்சா. எனக்காகக் கடிச்சாக்கா. நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். என் கை ராசி அப்படி."

அப்படியே விட்டுவிடலாம். சின்னவள் நம்பத் தயாராக இருந்தாள். ஆய்வகத்தில் அந்தப் புதுப் பெண் இருந்தாள். மேசையைத் துடைத்தவனுக்குத் தான் எதைத் திருப்பி வைத்தோம் என்றே தெரியாது. உலகத்தில் யாரும் அந்தத் தம்ளரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

"உன் கை இல்லடி" என்றாள் பெரியவள். "நான் லேபிள் ஒட்டல. ட்யூப்ப அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன். வந்து பார்த்துக் குத்துமதிப்பா ஒட்டினேன். அவளோடத அவர் பேர்ல அனுப்பினது நான். டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடி உனக்குப் போன் பண்ணதும் நான்."

சின்னவள் திரும்பவில்லை. ஒரு தள்ளுவண்டி அவர்களைக் கடந்து போனது. அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே நடைபாதையின் கோடிவரை போய் மறைந்தது.

"போன மாசம் நான்தான் காரணம்னு சொன்னப்ப, எவ்வளவு உறுதியா சொன்ன" என்றாள் மெதுவாக. "இன்னிக்குக் காலையில நான் காரணம் இல்லன்னு சொன்னதும் அதே உறுதிதான். அதே குரல்."

பெரியவள் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"போன்ல உங்க சார் சொன்னது கேட்டுச்சு. அந்தப் புதுப் பொண்ணு யாரு?"

பெரியவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள். சின்னவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே கட்டில் முனகியது. கொசு கண் விழித்திருந்தாள்.

"தண்ணி."

பெரியவள் ஓடிப்போய் அறை மூலையில் இருந்த கேனிலிருந்து ஒரு காகிதக் கப்பில் பிடித்து வந்தாள். ஒரு கையால் குழந்தையின் தலையைத் தூக்கி, கப்பை உதட்டருகே கொண்டுபோனாள்.

உதடு திறக்கவில்லை.

"இதுல என்ன இருக்கு?"

"தண்ணிடா கண்ணு. வெறும் தண்ணி."

குழந்தை கப்புக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் கையாலேயே பிடித்த தண்ணீர். ஆனாலும் அந்தச் சொல் வரவில்லை. கப்பைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள்.

"பாரு. நான் குடிச்சுட்டேன்."

கொசு முழங்கையை ஊன்றி எழுந்தாள். நா வறண்டு உதட்டில் ஒட்டியது. கண்கள் அம்மாவின் கழுத்தில் திட்டுகளைத் தேடி நின்றன. கப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்மா" என்றாள்.